தடியன் மலை ஏறினான்

ஜனவரி 9

நாத்தனார் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன்.

விஷயம் வண்டியைப் பற்றியது. தாங்கள் தீவுக்குப் போன பிறகு நான் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு, லென்ஸ் பெட்டி, எழுத்துப் பலகை, பிரேம்கள் எல்லாவற்றையும் நம் தடியன் வண்டியில் ஏற்றிக்கொண்டு குவாரிக் குடியிருப்புக்குப் போகிறேன். அங்கே கல் உடைப்பவர்களில் பாதிப் பேருக்குப் பக்கத்தில் இருப்பது தெரியவில்லை, மீதிப் பேருக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை. ஆனால் கண்ணைக் காட்ட ஒருவரும் மலை இறங்கி வருவதில்லை. அதனால் நான் ஏறுகிறேன்.

ஏறுகிறேன் என்பது பாதி உண்மை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. போன வாரம் முன்பக்கத்திலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. நடு மலையில் நின்றுவிட்டேன். மாமாவும் கூட வந்திருந்தார். "இறங்கி நிழலில உட்காருங்க மாமா" என்றால், காது கேட்காதது மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே கேட்கவில்லையா, கேட்கப் பிடிக்கவில்லையா, அவருக்குத்தான் வெளிச்சம்.

தங்கள் அண்ணன் வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். உதிரிபாகத்துக்காக வாங்குகிற ஆள் ஒருவரையும் பார்த்து வைத்திருக்கிறார். வண்டி நம் இருவர் பெயரிலும் இருப்பதால் தங்கள் சம்மதம் வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவரைக் கேட்காமல் நாம் இருவரும் போய் வாங்கியது அவருக்கு இன்றைக்கும் தொண்டையில் முள்தான்.

"வண்டியை வித்துடாதீங்க, ஆனா நீங்க ஓட்டாதீங்க" என்று தாங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. ஓட்டுகிறேன். அதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி


ஜனவரி 24

அண்ணிக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்து. உள்ளே ஒரே 'தாங்கள்', 'தங்கள்'. வேறு யாருக்கோ எழுதியதை என் உறையில் போட்டு ஒட்டிவிட்டீர்களோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

விற்க வேண்டாம். எனக்குச் சம்மதம் இல்லை.

முதலில் ஒரு விஷயம். ஆவி வரும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்துவிடும். முள் ஏற ஆரம்பித்ததும் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திறந்து விடுங்கள். உள்ளே அடுப்பங்கரை மாதிரி இருக்கும். ஆனால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் உங்கள் பக்கம் வந்துவிடும். அப்படியே ஓரமாக நிறுத்துங்கள்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. குறையவில்லை என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போகவில்லை என்று அர்த்தம். முன்னால் ஏசிக்கு ஒரு வலை, அதன் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் குப்பை சேரும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், மெதுவாக. வேகமாக அடித்தால் தகடுகள் மடிந்துவிடும். பதினெட்டு வயசு வண்டி. மலையில் மூச்சு வாங்குவது குற்றமில்லை.

இங்கே வானிலை நிலையத்தில் நாங்கள் ஒன்பது பேர், இரண்டு ஜெனரேட்டர். மனிதர்களைவிட ஜெனரேட்டர்கள் சமாதானமானவை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை படகு. ஆபீஸ் ரேடியோவில் சொந்த விஷயம் பேசக் கூடாது. பேசினாலும் என் சொந்த விஷயத்தை எட்டுப் பேர் கேட்பார்கள். அதனால் கடிதம்தான்.

அப்பா ராத்திரி தூங்குகிறாரா? குளிருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

வேறு விசேஷம் இல்லை.

குட்டி


பிப்ரவரி 10

நாத்தனாருக்கு,

தண்ணீர் அடித்தேன். வண்டிக்குள்ளிருந்து ஒரு தோட்டமே வந்து விழுந்தது. காய்ந்த இலை, பட்டாம்பூச்சி இறக்கை, வெட்டுக்கிளிக் கால், யாரோ தின்றுவிட்டு எறிந்த மிட்டாய்த் தாள். உன் அண்ணன் வாசலில் நின்று, "இதுக்குத்தான் விக்கலாம்னேன்" என்றார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

பலன் இருக்கிறது. இப்போது முள் ஆறாவது வளைவில்தான் ஏறுகிறது. மொத்தம் ஒன்பது வளைவு. நிறுத்தி, ஆறவிட்டு, போய்ச் சேர்கிறேன். தண்ணீர் துளியும் குறையவில்லை.

உன் அண்ணனோடு ஒரு பேச்சு வார்த்தை நடந்தது. "வர்ற கோடைக்குள்ள ஒரே ஒரு தடவை, நடுவுல நிக்காம, என்னை உட்கார வெச்சுக் குவாரிக்கு ஏத்திக் காட்டு. அப்புறம் நான் வாயைத் திறக்கலை" என்றார். அவர் வாயைத் திறக்காமல் இருப்பதற்காகவாவது இந்த மலையை ஏறியாக வேண்டும்.

ஆனால் ஒன்று போனால் ஒன்று. சில காலைகளில் சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்று பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். சில காலைகளில் ஒழுங்காகக் கிளம்புகிறது. பின் கதவும் திறக்கவில்லை. லென்ஸ் பெட்டியைப் பின் சீட்டின் மேலாக உருட்டி எடுக்கிறேன். அன்றைக்கு ஒரு பட்டாசு வெடித்தது மாதிரிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், எழுத்துப் பலகை மாமாவின் தலையில் இறங்கியிருந்தது. அவர் தடவிக்கொண்டே, "பெரிய எழுத்து எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது" என்றார்.

சாலை ஓரளவு சமமாக இருக்கும் இடத்தில் வேகமெடுத்தால் ஸ்டியரிங் வேறு நடுங்குகிறது. குவாரியிலிருந்து மழையில் இறங்கிய மறுநாளிலிருந்து இப்படி.

மாமா தூங்குகிறார். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன். நீ கேட்காவிட்டாலும் கொடுத்திருப்பேன்.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணி,

'நீ' என்று எழுதியதற்கு நன்றி. இப்போதுதான் கடிதம் எனக்கு வந்தது போல இருக்கிறது.

ஸ்டியரிங் நடுக்கத்துக்குப் பட்டறைக்குப் போகாதீர்கள். சக்கரத்தின் உள்வளையத்தில் குவாரிச் சேறு ஒரு பக்கமாகப் பிடித்துக் காய்ந்திருக்கும். குனிந்து, குச்சியால் சுரண்டி, கழுவிவிடுங்கள். அதற்கும் நடுங்கினால் எழுதுங்கள். எழுத மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பின் கதவுக்கு உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். கைப்பிடியிலிருந்து போகும் கம்பியின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், அது உடைந்திருக்கும். அது எப்போதும் உடையும். முன் சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு தீப்பெட்டிக்குள் இரண்டு புதுக் கொக்கி வைத்திருக்கிறேன்.

'டக், டக்' என்றால் பேட்டரியில் சக்தி இல்லை. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து இறுக்குங்கள். ஆனால் சில நாள் கிளம்புகிறது, சில நாள் கிளம்பவில்லை என்றால் பேட்டரியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. யாரோ ராத்திரியில் அதைக் குடிக்கிறார்கள். கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கலாம். உள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கோபப்படாமல் கேளுங்கள்.

சூட்டைப் பற்றி: எஞ்சின் ஓடும்போது முன்னால் இருக்கும் பெரிய விசிறி சுற்றுகிறதா? பார்த்து எழுதுங்கள்.

குட்டி


மார்ச் 12

குட்டிக்கு,

உன் சந்தேகம் சரிதான்.

மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டால் "என்னது?" என்பார், நான் இரண்டு தடவை கத்துவேன், மூன்றாம் தடவை இருவருக்குமே அலுத்துவிடும். நம் வீட்டில் அவரோடு நடக்கிற பேச்சு எல்லாம் அப்படித்தானே முடிகிறது. அதனால் சும்மா கவனித்தேன். சாயங்காலம் நான் கடையை அடைத்துவிட்டு வரும் நேரத்தில், உன் அப்பா சாவியை எடுத்துக்கொண்டு, கொட்டகைக்குப் போய், முன் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, உள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். பேப்பர் படிக்கிறார். ரேடியோ கேட்கிறார். சில நாள் விளக்கை அணைக்கிறார். சில நாள் மறந்துவிடுகிறார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ கோபப்படாதே என்று எழுதியிருந்ததால் இன்னும் கொஞ்சம் கூட வந்தது. போய்க் கதவைத் திறந்தேன். அவர் நகர்ந்துகூட உட்காரவில்லை.

"உள்ள வந்து சாத்தும்மா" என்றார். "சாத்தினாத்தான் கேக்கும்."

ஓட்டுகிற சீட்டில் ஏறிச் சாத்தினேன். தெருச் சத்தம் நின்றது. நான் சாதாரணமாக, கத்தாமல், "இங்க என்ன பண்றீங்க மாமா?" என்றேன்.

"காதுல மாட்டுற கருவில கொசுதான் கத்துது. வீட்டுல மிக்ஸி, டிவி, வெளில லாரி, எல்லாம் ஒண்ணாக் கலந்து கஞ்சியா வருது. இதுக்குள்ளதான் ஒரு குரல் ஒரு குரலாக் கேக்குது. குட்டி கண்டுபிடிச்சா இதை."

குட்டி, நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "தினமும் சாயங்காலம் உங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவா மாமா?" என்று கேட்டேன். "ஏரிக்கரையில கொண்டு போய் நிறுத்துவா. எஞ்சினை அணைச்சுட்டுப் பேசுவோம். இருட்டுற வரைக்கும் பேசுவோம்" என்றார்.

நான் என்ன நினைத்திருந்தேன், உன்னிடம் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். சமையலறையில் ஆயிரம் வேலை கிடக்கும்போது ஊர் சுற்றக் கிளம்புகிறாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உனக்கு எஞ்சினோடுதான் பேச வரும், மனுஷங்களோடு வராது என்றும் சொன்னேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?

அன்றைக்கு மாமா என்னைக் கேட்டார்: "கடையில நீ என்னதான் பண்றே? இத்தனை வருஷமாச்சு, எனக்குத் தெரியாது. சொல்லு." நான் சொன்னேன். பவர் என்றால் என்ன, ஒரு கண் ஒரு மாதிரியும் இன்னொரு கண் இன்னொரு மாதிரியும் ஏன் ஆகிறது, எல்லாம் சொன்னேன். அவர் குறுக்குக் கேள்வி எல்லாம் கேட்டார். ராத்திரிச் சாப்பாடு தாமதமாகி, உன் அண்ணன் டார்ச்சோடு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

இப்போது நாங்கள் தினமும் பேசுகிறோம். விளக்கை நான் அணைக்கிறேன். வண்டி எல்லாக் காலையிலும் கிளம்புகிறது.

ஸ்டியரிங் நடுங்கவில்லை. சேறு சட்டி நிறைய வந்தது. தீப்பெட்டியையும் கண்டுபிடித்தேன், பின் கதவு திறக்கிறது. விசிறி சுற்றுகிறது, நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் ஆறாவது வளைவில் சூடும் நன்றாகவே ஏறுகிறது.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஜெனரேட்டர் அறையில் வைத்துப் படித்தேன். அங்கே இரைச்சலில் யாரும் வர மாட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு மூன்று தாள் கிழித்துவிட்டேன். நீங்கள் கேட்ட விதம் கேள்வி மாதிரி இல்லை, அண்ணி. தீர்ப்பு மாதிரி இருந்தது. தீர்ப்புக்குப் பதில் சொல்ல எனக்கு வராது. அதோடு, அப்பா பேசியதெல்லாம் அம்மாவைப் பற்றி. அதை வாசலில் நின்று சத்தம் போட்டு விளக்க முடியவில்லை. இப்போது உங்களிடமும் பேசுகிறார் என்றால், இனி அதில் விளக்க ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும்.

வண்டிக்கு வருகிறேன். இதை எழுதக் கை வரவில்லை.

தண்ணீர் குறையவில்லை, ரேடியேட்டர் சுத்தம், விசிறி சுற்றுகிறது. அப்படியும் ஏற்றத்தில் சூடு ஏறினால், எனக்குத் தோன்றுவது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட். அது கசிந்தால் எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும். எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் சந்தேகமே இல்லை. அப்படி இல்லாவிட்டாலும், கசிவு ஆரம்ப நிலையில் இருக்கலாம்.

இந்த வயசில் தடியனின் எஞ்சினைப் பிரித்தால், ஒன்றைச் சரி செய்யப் போய் ஒன்பதைக் கண்டுபிடிப்பார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு படகு வரும் தீவில் இருந்துகொண்டு 'விற்காதே' என்று சொல்வது எனக்கு எளிது. நடு மலையில் அப்பாவை வைத்துக்கொண்டு நிற்பது நீங்கள். அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம். நீங்கள் முடிவு செய்யுங்கள். என் சம்மதத்தை இதோடு சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன் என்றாலும், குச்சியை ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள்.

குட்டி


ஏப்ரல் 21

குட்டிக்கு,

உன் சம்மதத்தை நீயே வைத்துக்கொள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குச்சியை இரண்டு தடவை இல்லை, நாலு தடவை பார்த்தேன். எண்ணெய் கறுப்பாகத்தான் இருந்தது. காப்பியும் இல்லை, பாலும் இல்லை. பட்டறைக்காரரிடம் கொண்டு போனேன். நீ சொன்னதையே அவரும் சொன்னார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு: "கேஸ்கெட்டா இருக்கலாம்மா. பிரிச்சாத்தான் தெரியும்." உன் அண்ணன் பக்கத்தில் நின்று தலையாட்டினார், ஆறுதல் சொல்ல வந்தவர் மாதிரி.

அன்றைக்குக் கடையில் ஒரு பெரியவர் கண் காட்ட வந்தார். எழுத்துப் பலகையைக் காட்டி, "தெரியுதா?" என்றேன், ஏதோ ஞாபகத்தில். "நல்லாத் தெரியுதும்மா" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அப்படிக் கேட்கவே மாட்டேன். தெரிகிறதா என்று கேட்டால் உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். "எந்த எழுத்து?" என்று கேட்டால்தான் வண்டவாளம் வெளியே வரும். கேட்டேன். அந்த மனிதருக்கு இரண்டாவது வரியே மங்கல்.

அவர் போன பிறகு யோசித்தேன். நீ என்னை என்ன கேட்டாய்? "விசிறி சுற்றுகிறதா?" நான் என்ன சொன்னேன்? "நன்றாகச் சுற்றுகிறது." நானும் அந்தப் பெரியவர் மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். சுற்றினால் போதுமா? காற்றை இழுக்கிறதா?

மறுநாள் ஆறாவது வளைவு வரை ஏறினேன். முள் எழும்பியதும் ஓரமாக நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை. மாமா இறங்கி வந்தார், இந்தத் தடவை கூப்பிடாமலே. பில் எழுதும் தாள் ஒன்றைக் கிழித்து வண்டியின் முகத்தில், அந்த வலையின் மேல் வைத்தேன். விசிறி இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா? வழுக்கிக் காலடியில் விழுந்தது. மாமா எடுத்துக் கொடுத்தார். மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு, சூடு கையில் படாமல் ஒரு குச்சியால் விசிறியைத் தள்ளினேன். திருவிழாக் காற்றாடி மாதிரி அது பாட்டுக்குச் சுற்றியது. பிடிப்பே இல்லை.

பட்டறைக்காரரிடம் போய்ச் சொன்னதும் அவர் எட்டிப் பார்த்து, தலையில் தட்டிக்கொண்டார். "அட, ஃபேன் கிளட்ச்சும்மா! எஞ்சின் சூடானா விசிறியை இறுக்கிப் பிடிக்க வேண்டிய உருளை. உள்ள இருக்கிற எண்ணெய் போயிருச்சு. பிரிக்கவே வேண்டாம்." பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். இப்போது தாளை வைத்தால் பச்சக்கென்று ஒட்டுகிறது. எடுக்கத்தான் பாடு.

போன செவ்வாய்க்கிழமை உன் அண்ணனை முன் சீட்டில் உட்கார வைத்தேன். மாமா பின்னால். உன் அண்ணன் மேலே இருக்கிற கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாலாவது வளைவில், "கொஞ்சம் மெதுவா" என்றார். ஆறாவது வளைவில் நான் முள்ளைப் பார்க்கவில்லை, அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவுலயே நிக்குது" என்றார், முறையிடுவது போல. எட்டாவது வளைவில் மாமா பின்னாலிருந்து, "என்னம்மா சொல்றான்?" என்றார். "ஒண்ணுமில்லைப்பா" என்றார் உன் அண்ணன்.

ஒன்பதாவது வளைவையும் தாண்டி, குவாரி வாசலில் கொண்டு போய் நிறுத்தினேன். அவர் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானட் மேல் கை வைத்துப் பார்த்தார். பிறகு லென்ஸ் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு இருபது பேருக்கு மேல் கண் பார்த்தேன். ஒரு பெண், கண்ணாடியைப் போட்டதும் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு கோடா?" என்றாள்.

உதிரிபாகக்காரரைப் பற்றி வீட்டில் இப்போது பேச்சு இல்லை.

அண்ணி


மே 6

அண்ணி,

ஒரே மூச்சில் இரண்டு தடவை படித்துவிட்டு, என் அறைத் தோழியிடமும் படித்துக் காட்டினேன். அவள் சமையல் பொறுப்பு. வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தாள் ஒட்டிக்கொண்ட இடத்தில் கை தட்டினாள்.

எனக்கு வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருக்கிறது. கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான்; சரியான கேள்வியைக் கண்டுபிடித்தது நீங்கள். மறுநாளே இங்கே இரண்டாம் ஜெனரேட்டரின் விசிறிக்கு ஒரு தாளை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. இல்லையென்றால் அதையும் உங்களிடம் எழுதிக் கேட்டிருப்பேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போன படகிலேயே எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

என்னை ஒரு வருஷத்துக்குத்தான் அனுப்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஜெனரேட்டர் வருகிறது. அதற்கு நான்தான் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரலாம். எனக்கு இருக்கப் பிடித்திருக்கிறது, அண்ணி. கோபித்துக்கொண்டு வந்த இடம்தான். ஆனால் இப்போது கோபம் தீர்ந்த பிறகும் பிடித்திருக்கிறது. காலையில் எழுந்து, எண்ணெய் பார்த்து, கடலைப் பார்த்து, என் வேலையை நானே செய்துகொண்டு இருப்பது எனக்கு ஒத்துப்போகிறது. அப்பாவை உங்கள் தலையில் கட்டிவிட்டு ஓடிப்போனவள் என்று நீங்கள் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை 'வா' என்றால் வந்துவிடுவேன்.

இருப்பதாக ஆனால், வண்டியில் என் பெயரை எடுத்துவிடலாம். அது உங்கள் வண்டிதான். மலை ஏற்றியது நீங்கள்.

பதிலை நிதானமாக எழுதுங்கள். இந்தக் கடிதத்தைச் சமையலறையில் வைத்துப் படிக்காதீர்கள்.

குட்டி


மே 22

குட்டிக்கு,

சமையலறையில் வைத்துத்தான் படித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அந்தக் கணக்கு உன் பேரில்.

முதலில் கோபம் வந்தது. ஒளிக்க மாட்டேன். மூன்று வருஷம்! நீ திரும்பி வருகிறாய் என்று உன் அறையில் வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் கூட அதிராமல், "அவ சின்ன வயசிலயே மொட்டை மாடியில தனியாத்தான் விளையாடுவா" என்றார். என்ன குடும்பமோ இது.

மாமாவிடம் சொல்வதற்குத்தான் பயந்தேன். சாயங்காலம் வண்டிக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மெள்ள மெள்ளச் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே, "இருக்கட்டும்மா, அவளுக்கு அங்க பிடிச்சிருக்கு" என்றார். "உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" என்றேன். "நீதானே படிச்சுக் காட்டுற அவ லெட்டரை. மூணு லெட்டராக் கடலைப் பத்தி ஒரு குறையும் சொல்லலை. அவ குறை சொல்லலைன்னா என்ன அர்த்தம்?"

அதனால் 'வா' என்று சொல்ல மாட்டேன். என் தலையில் கட்டிவிட்டு ஓடினாய் என்றும் நினைக்கவில்லை. முன்பு நினைத்தேன். அப்போது இந்த வீட்டில் நான் ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமுமாக இருந்தோம். இப்போது அப்படி இல்லை. எனக்கும் சாயங்காலம் பேச ஆள் இருக்கிறது. உன் அண்ணனுக்குத்தான் பொறாமை.

பெயரை எடுக்கிற பேச்சை விட்டுவிடு. எடுக்க மாட்டேன். நாளைக்கு வண்டி வேறு எதற்காவது நின்றால், பாதிப் பழியை யார் மேல் போடுவது? முன் பிரேக் கிறீச்சென்று கத்த ஆரம்பித்திருக்கிறது. பாதிச் சொந்தக்காரி வந்து அதைப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் போடுவதற்கு முன் லீவு உண்டா இல்லையா? உண்டு என்றால் வா. துறைமுகத்துக்கு நான் வருகிறேன். தடியனில்.

அண்ணி


ஜூன் 27
படகில்

அண்ணி,

கரை இன்னும் கண்ணில் இருக்கிறது. எழுத்து ஆடுகிறது, அலைதான் காரணம்.

நாலு நாள் எங்கே போனது என்று தெரியவில்லை. வெள்ளையடித்த அறைக்கு நன்றி. பிரேக் கட்டையை மாற்றியாகிவிட்டது, இனி கத்தாது. பின் சக்கரங்களை இன்னும் ஆறு மாதத்தில் பாருங்கள். அண்ணனை ஸ்பேனர் பிடிக்க வைத்தது உங்கள் சாமர்த்தியம். "இது எந்த நம்பர்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார், ஆனால் கடைசி நட்டை அவர்தான் இறுக்கினார்.

துறைமுகத்தில் நீங்கள் சாவியை என்னிடம் நீட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் நீட்டவில்லை. "ஏறு, பையைப் பின்னால போடு" என்றீர்கள். கொஞ்சம் உறுத்தியது, உண்மையைச் சொன்னால். அந்த வண்டியில் நான் பின் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அங்கே கால் வைக்க இவ்வளவு இடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

குவாரியில் உங்களுக்கு எழுத்துப் பலகை பிடித்துக்கொண்டு நின்றேனே, அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு ஆளைக்கூட நீங்கள் அவசரப்படுத்தவில்லை. லென்ஸை மாற்றி மாற்றி, "இதுவா, முன்னதா?" என்று நீங்கள் கேட்டதும், அவர்கள் யோசித்து யோசித்துப் பதில் சொன்னதும். உங்களைக் கடையில் வேலை செய்யும்போது நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இறங்கும்போது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் எனக்குத் தூக்கம் வராது. யார் ஓட்டினாலும் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும், அங்கே பிரேக் இருப்பது போல. அன்றைக்கும் முதல் இரண்டு வளைவுக்கு அழுத்தினேன். மூன்றாவது வளைவுக்கு முன்பே நீங்கள் கியரைக் குறைத்தீர்கள். நான் குறைத்திருக்க வேண்டிய அதே இடம். எஞ்சின் குரல் மாறி, வண்டி தானாக அடங்கி, மெள்ளத் திரும்பியது. அப்பா முன்னால் உங்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வளைவும் எனக்கு நினைவில்லை.

விழித்தபோது வண்டி நம் கொட்டகையில் நின்றிருந்தது. யாரும் இல்லை. என்னை எழுப்பாமல் எல்லோரும் இறங்கிப் போயிருந்தீர்கள். என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் நாலு விரல் இறக்கி வைத்திருந்தீர்கள், காற்று வருவதற்காக. வீட்டுக்குள் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. உங்கள் குரல் அண்ணனை எதற்கோ விரட்டியது.

எழுந்து உள்ளே வந்திருக்கலாம். நான் திரும்பிப் படுத்து, மறுபடியும் தூங்கினேன்.

குட்டி